ஜூன் ஐந்தைத் தொலைத்த அத்தை

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். தலைமைப் பண்பு பற்றிப் பதினாறு பக்கம் எழுதித் தேறியவன். சண்முகத்தாய் அத்தை எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனால் நான் ஆர்டர் பிடிக்கும் சிவகாசி காலண்டர் கம்பெனியில், இருபது பெண்களுக்கு அவர்தான் மேஸ்திரி.

நீள மேசையில் நாளுக்கு ஒரு கட்டாகத் தாள்கள் இருக்கும். பெண்கள் மேசையைச் சுற்றி வந்து, கட்டுக்கு ஒரு தாளாக எடுத்து அடுக்க வேண்டும். ஒருநாள் அத்தை தன் தூக்குச்சட்டியை ஜூன் ஐந்தின் மேல் வைத்துவிட்டார். அடுக்கிக்கொண்டு வந்த பாலம்மாள் பார்த்தாள். ஆனால் முந்தின வாரம்தான் ஏதோ சொல்லப்போய், "எனக்கே சொல்லித் தாரியாக்கும்?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். பேசாமல் தாண்டி நடந்தாள். எல்லாரும் தாண்டினார்கள். சாயந்திரம் மிஞ்சிய கட்டை, "எச்சா அடிச்சிட்டாங்க" என்று அத்தையே ஓரங்கட்டினார்.

அன்று அடுக்கிய ஆயிரம் காலண்டரும் விருதுநகர் வத்தல் வியாபாரி ஒருவருக்கும், அவர் கையால் அவருடைய சொந்தபந்தத்துக்கும் போயின. அவர் மகள் கல்யாணத்தை ஜூன் ஐந்துக்குத்தான் வைத்தார். கம்பெனிக்கே வந்து அத்தையிடம் கேட்டார்:

"பத்திரிகை வைக்கப் போனா, அப்படியொரு தேதியே இல்லைங்காக. நாலக் கிழிச்சா ஆறு நிக்கிது. எம் மகளுக்கு என்னைக்குத்தாம்மா தாலி கட்ட?"

மேஸ்திரி வேலை போனது. பெண்களை ஏற்றிப்போகும் கம்பெனி வேனில் மேஸ்திரிக்கென்று இருந்த டிரைவர் பக்கத்து சீட்டும் போனது. ஒரு சீசன் முழுக்க அத்தை காலண்டர் தலையில் தகரப் பட்டை அடித்தார்.

அடுத்த சீசனில் வேறு ஆள் அமையாமல் முதலாளி திரும்ப மேஸ்திரியாகக் கூப்பிட்டார். "இன்னொரு நாள் காணாமப் போச்சுன்னா, நீங்களும் வர வேண்டாம்க்கா."

மறுநாள் வேனில் அத்தை சொன்னார்: "எந் தப்பக் கண்டுபிடிக்கிறவளுக்கு எஞ் சீட்டு."

என் பதினாறு பக்கத்தில் இது இல்லை.

"ஜாக்கெட்டு சேலைக்குச் சேரல மதினி," என்றாள் அடுக்குகிறவர்களில் ஒருத்தியான ஞானசுந்தரி உடனே.

"வேலையில உள்ள தப்பச் சொல்லுட்டி."

அதற்கும் பஞ்சமில்லை. முதல் வாரம் முழுக்க அத்தை வேனின் பின்னால் ஸ்டெப்னி டயர் மேல்தான் உட்கார்ந்து வந்தார்.

நான் நாலு தடவை நடந்து அந்த வத்தல் வியாபாரியிடமே மறுபடி ஆர்டர் வாங்கினேன். ஒரு நிபந்தனை: அடுக்கும்போது அவர் பக்கத்தில் நிற்பார். நின்றார். பாதியில் பாலம்மாள் நடையை நிறுத்தினாள்.

"யக்கா."

"என்ன?"

"ஒங்க சட்டி செப்டம்பர் பத்து மேல உக்காந்திருக்கு."

இருபது பேரும் நின்றுவிட்டார்கள். வியாபாரி அத்தையைப் பார்த்தார். அத்தை சட்டியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். "சீட்டு ஒனக்குத்தான். அடுக்குனத எல்லாம் பிரிங்க, மொதல்ல இருந்து வருவோம்."

முடிந்ததில் ஒன்றை எடுத்து, விரலை நக்கி நக்கி வியாபாரி எண்ணினார். முந்நூற்று அறுபத்தைந்து.

"செப்டம்பர்லதாம்மா சின்னவளுக்கு முகூர்த்தம் பாத்திருக்கோம். இனி சோத்தக் கீழ வைங்க," என்றவர், அடுத்த வருச ஆர்டரையும் சொல்லிவிட்டுப் போனார்.

சாயந்திரம் பாலம்மாள் முன்சீட்டில் காற்று வாங்கிக்கொண்டு வந்தாள். மேஸ்திரி ஸ்டெப்னி மேல் வந்தார், மடியில் தூக்குச்சட்டியோடு.