தவராசா அண்ணன் ஏற்றாத விளக்கு

தவராசா அண்ணனை ஒரு விளக்குகூட ஏற்றவிடாமல் சாகடித்தார்கள்.

இன்று காலை, ஆஸ்பத்திரியில்... மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எழுதட்டும்.

தெரியாதவர்களுக்கு: புதுக்கோட்டையில் என்னோடு ஐந்து வருடம் பெயின்ட் வேலை பார்த்தவர். ஈழத்திலிருந்து வந்து, எங்கள் ஊர்ப் பக்கத்து அகதி முகாமில் இருந்தார். மனைவியையும் ஒன்பது வயது மகளையும் முள்ளிவாய்க்காலில் ஷெல் அடித்துக் கொன்றார்கள். புதைத்த இடம்கூட அவருக்குத் தெரியாது.

முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே பதினெட்டு மட்டும் வேலைக்கு வரமாட்டார். முகாமில் கஞ்சி காய்ச்சுவார். வெறும் அரிசியும் தண்ணீரும். ஒரு வருடம் எங்கள் பெயின்ட் செட்டில் வேலை பார்க்கும் முருகேசன் கொட்டாங்கச்சியில் வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னண்ணே, உப்பக் காணோம்? கடையில மறந்துட்டு வந்துட்டீங்களா?" என்றான்.

"முள்ளிவாய்க்கால்ல அண்டைக்கும் உப்பு இருக்கேல்லை தம்பி" என்றார் அண்ணன்.

முருகேசன் மிச்சத்தையும் குடித்தான்.

அண்ணன் கேட்டது ஒன்றுதான். தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கும் முள்ளிவாய்க்கால் நினைவிடத்தில், மே பதினெட்டில், இரண்டு விளக்கு. அதற்கு முகாமை விட்டு வெளியே போக அனுமதி.

"கோயிலுக்குப் போறேன்னு எழுதுங்கண்ணே, குடுத்துருவாங்க" என்றேன். கேட்கவில்லை. மனுவில் காரணம் என்ற இடத்தில் 'மனைவி, மகள் துக்கம்' என்றே எழுதினார்.

முகாம் அதிகாரி படித்துவிட்டு, "செத்து இத்தன வருஷம் ஆச்சு, இன்னும் என்னய்யா துக்கம்? டெத் சர்டிபிகேட் இருக்கா?" என்றார்.

குண்டு போட்டவனிடம் போய் வாங்கி வர வேண்டுமா?

போன வருடம் அதே நாளில் அனுமதி கேட்காமலே பைக்கில் கூட்டிப்போனேன். முகாமில் ஆறு மணிக்கு ஆள் எண்ணும் செக்கிங்குக்குள் திரும்ப வேண்டும். வழியெல்லாம் மணி கேட்டுக்கொண்டே வந்தார்.

அங்கே சுவரெல்லாம் கல்லில் செதுக்கிய சனம்... ஓடுகிறவர்கள், விழுந்தவர்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டவர்கள். அண்ணன் ஒவ்வொரு பெண்பிள்ளை முகமாகப் பார்த்துக்கொண்டே போனார்.

நான் முட்டாள். பின்னால் நின்று போட்டோ எடுத்தேன். அங்கிருந்தே ஃபேஸ்புக்கில் போட்டேன், இடத்தின் பெயரோடு.

அகல் விளக்கில் திரியை நிமிர்த்திக்கொண்டிருந்தபோது அவருக்கு போன் வந்தது. முகாமில் பக்கத்து வீட்டு அக்கா. ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"அண்ணை, உங்கட படத்தை முகாம் அதிகாரிமார் பாத்திட்டினம். செக்கிங் இப்பவே எண்டு நிக்கினம். கெதியா வாங்கோ!"

திரியைச் சட்டைப்பையில் வைத்தார். "வா தம்பி." அவ்வளவுதான். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அதற்குப் பிறகு எத்தனையோ மனு. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: 'இவர் சொல்லாமல் வெளியே போனவர்.' இந்த மே மாதமும் அதேதான்.

போட்டோவை அழித்துவிட்டேன். என்ன பிரயோசனம்... மன்னிச்சிருங்கண்ணே. போயிட்டு வாங்க.

மதியம் முகாம் வாசலில் அதே அதிகாரி. பதிவேட்டில் அண்ணன் பெயரை ஸ்கேல் வைத்து அடித்துக்கொண்டிருந்தார்.

"சார், இன்னைக்கு எரிச்சுருவோம். நாளைக்குச் சாம்பல எடுத்துக்கிட்டு அங்கிட்டுத்தான் போறோம். முகாம்லேர்ந்தும் பத்துப் பேரு வர்றாங்க. மூணு வெளக்கு ஏத்தணும். அனுமதி குடுங்க."

அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

இப்போது மணி நாலரை. வாசலை விட்டு நான் நகரவில்லை.

குடுங்க சார்.