ஹார்ன் பொத்தானுக்குப் போட்ட கச்சாத் தையல்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளை எல்லோரும் 'பிரேக் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். கற்றுக்கொள்ள வருகிறவர் எவ்வளவு பெரிய சூரராக இருந்தாலும், பக்கத்து இருக்கைக்குக் கீழே உள்ள இரண்டாவது பிரேக்கை விட்டு அவள் கால் நகராது. சாப்பிட உட்கார்ந்தாலும் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருக்கும் என்று தையல்காரரான அவள் கணவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்ததும் வேலையை விட்டாள். விட்ட வாரமே, மூடிக் கிடந்த ஓர் அச்சகத்தின் கொட்டகையிலிருந்து மூக்கு நீண்ட பழைய கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். கணவரிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டு முன்னறைதான் அவர் தையல் கடை. அவர் மிஷினை விட்டு எழுந்து வந்து பார்த்தார்.

"மாப்பிள்ளைக்கு வயசு கொஞ்சம் கூடத்தான்" என்றார். உள்ளே போய்விட்டார். அதன்பின் காரின் பக்கம் அவர் தலைவைத்துப் படுக்கவில்லை.

கார் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் இடது பக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ஹார்ன் தானாக அலறும். ஓரமாக சைக்கிளில் போன ஒருவர் பதறி இறங்கி, "வழி விட்டுட்டுத்தானேம்மா போறேன்?" என்று கேட்டார். அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

தெருமுனை மெக்கானிக் பார்த்துவிட்டு, "இதை நோண்டாதீங்கக்கா. டேஷ்போர்டுல தனியா ஒரு பொத்தான் வெச்சுத் தரேன்" என்றார்.

அவள் ஒப்புக்கொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பள்ளியில் ஒரு வேன் இருந்தது. அதில் ஹார்ன் பொத்தான் டேஷ்போர்டில். ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த ஒருவர் அதைத் தேடிக் குனிந்த நேரத்தில், சாலையைக் கடந்தவரின் கால் முறிந்தது. அவர் எழுந்து நடக்கும்வரை அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். அவள் கால் பிரேக்கிலேயே குடியேறியது அன்றிலிருந்துதான்.

எனவே தானே பிரித்தாள். பொத்தானுக்கு அடியில் ஒரு பித்தளைத் தகடு. அதைத் தாங்க மூன்று சின்ன ஸ்பிரிங்குகள். தகடு கீழே உள்ள இரும்பைத் தொட்டால் ஹார்ன் அடிக்கும். சும்மா தொடாமல் பார்த்துக்கொள்ள நடுவில் ஒரு ஃபைபர் வாஷர். அது விண்டு கிடந்தது. மெக்கானிக்கிடம் ஃபைபர் துண்டு ஒன்று வாங்கிவந்து, கையில் அகப்பட்ட கத்திரியால் புது வாஷர் வெட்டினாள். அகப்பட்டது, கணவர் துணியைத் தவிர வேறெதையும் தொடவிடாத கத்திரி.

பிரிப்பது சுலபமாக இருந்தது. பூட்டுவதுதான் பெரும்பாடு. பொத்தானை அமுக்கித் திருகும்போதெல்லாம் ஏதாவது ஒரு ஸ்பிரிங் சாய்ந்து படுத்துக்கொள்ளும். மறுநாள் மத்தியானம் ஒருவழியாகப் பூட்டிவிட்டு, பேட்டரி ஒயரை மாட்டினாள். ஹார்ன் அலறத் தொடங்கியது. நிற்கவில்லை. தெருவே வெளியே வந்து நின்று பார்த்தது. ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் வந்து உட்கார்ந்து ஸ்டீயரிங்கில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள்.

பக்கத்து இருக்கைக் கதவு திறந்தது. கணவர். இருக்கையில் கிடந்த கத்திரியைப் பார்த்தார். எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்.

"கழட்டு, பார்ப்போம்."

கழற்றினாள். அவர் ஸ்பிரிங்குகளை விரலால் நிமிர்த்திப் பார்த்தார்.

"கை எடுத்ததும் சாயுது. அவ்வளவுதானே? கச்சாத் தையல் போட்டா நிக்கும்."

"இரும்புக்குத் தையலா?"

"அளவு பார்க்கிறவரைக்கும் துணி நகராம இருக்கணும். அப்புறம் உருவிடுவோம். இதுவும் அதே கதைதான்."

நூல் கொண்டுவந்து, ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் நிமிர்ந்த வாக்கில் தகட்டோடு உருவுமுடிச்சு போட்டுக் கட்டினார். குனிந்த தலை நிமிராமலே பேசினார்.

"நீ வேலையை விட்டா, மத்தியானம் ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடலாம்னு நினைச்சிருந்தேன். இத்தனை வருஷமா கடையில தனியாத்தான் டப்பாவைத் திறக்கிறேன். நீ என்னடான்னா கார்கூடக் குடித்தனம் பண்றே."

அவள் எதிர்பார்க்கவில்லை. "சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"நீ கார் வாங்கறேன்னு சொன்னியா?"

"தப்புதான்" என்றாள்.

"சரி, அமுக்கு. மெதுவா."

அவள் அமுக்கித் திருகினாள். வெளியே தொங்கவிட்டிருந்த நூல் முனைகளை அவர் ஒவ்வொன்றாக இழுத்தார். முடிச்சுகள் அவிழ்ந்து நூல் சிக்காமல் வந்தது. பேட்டரியை மாட்டினாள். அமைதி. பொத்தானைத் தொட்டாள், கணீரென்று ஒரே ஒரு சத்தம்.

கை கழுவிவிட்டு இருவரும் சமையலறையில் உட்கார்ந்து, ஆறிப்போனதைச் சூடாக்கிச் சாப்பிட்டார்கள். பிறகு அவரே சட்டையை மாற்றிக்கொண்டு வந்து காரில் ஏறினார்.

மார்க்கெட் திருப்பத்தில் நடுச்சாலையில் ஒரு நாய் படுத்திருந்தது. அவள் வண்டியை நிறுத்தினாள்.

"ஹார்னை அடி. இதுக்குத்தானே இவ்வளவு பாடு?"

"தூங்குதுங்க."

நாய் எழுந்து, சோம்பல் முறித்து, நிழல் பக்கம் போகும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.