குலுக்கலில் விழாத பெயர்

கியூபெக் காட்டில் ஆண் மூஸ் மானைச் சுட அனுமதிச்சீட்டு வாங்கினால் போதும். பெட்டையைச் சுடுவதற்குக் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். என் பெயர் விழட்டும் என்று மொன்றியல் கோவிலில் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். விழவில்லை. மாதாவோடு கோபித்துக்கொண்டுதான் லவால் நகரில் இருக்கும் அந்தோனி அண்ணையுடன் வேட்டைக்குப் போனேன்.

விடியற்காலைப் பனிமூட்டத்தில் ஏரி மிதப்பதுபோல் இருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு பெட்டை மூஸ் குட்டியோடு வந்து, எங்களைப் பார்த்தபடியே தண்ணீர் குடித்தது.

"வெடி வைக்கேலாது, என்ன அண்ணை?"

"ஓம். எல்லாருக்கும் விழுந்தா, காட்டில குட்டி போட ஆர் மிஞ்சுறது?" அண்ணை துவக்கைத் தாழ்த்தினார்.

தாயும் குட்டியும் பனிமூட்டத்தில் கரைந்தன. அதுவரை, அந்தக் குலுக்கலுக்காக மாதாவிடம் வேண்டிக்கொண்ட உயிர் நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.