சிவப்பு நூலில் ஒரு கோடு

மஸ்கட்டில் நான் இதுவரை ஒரு வீட்டுக்குள்ளும் போனதில்லை. பதினோரு வருடமாக இந்த ஊர் ஆண்களின் நீள அங்கிகளுக்குக் கழுத்துப் பூவேலை தைக்கிறேன். தைத்ததை வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பதும் என் வேலைதான். ஆள் உயரத்துக்கு மேல் மதில், இரும்புக் கதவு, பக்கத்தில் ஒரு மணி. அழுத்தினால் கதவு ஒரு சாண் திறக்கும். ஒரு கை வந்து பையை வாங்கிக்கொண்டு மறையும். சில வீட்டுக் கைகளை எனக்கு நன்றாகத் தெரியும், முகங்களைத் தெரியாது. நகரியில் எங்கள் வீடு இதற்கு நேர்மாறு. திருப்பதி போகும் சாலையை ஒட்டியே வாசல். எங்கள் தட்டில் என்ன இருக்கிறது என்று பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டே போவார்கள். மலையில் மொட்டையடித்துத் திரும்புகிறவர்கள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் தண்ணீர் கேட்பார்கள்.

அந்த வீட்டைத் துணியில் தைக்கும்படி கேட்டவர் சலாமா. பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக் கொடுக்கிறவர், எங்கள் கடைக்குப் பழைய வாடிக்கை. பல நாடுகளிலிருந்து வந்து இங்கே வேலை செய்கிறவர்கள் ஆளுக்கு ஒரு முழத் துணியில் தங்கள் வீட்டைத் தைத்துத் தர வேண்டுமாம். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விரிப்பாக்கி, அவர் இருக்கும் பேட்டையின் பொதுக்கூடத்தில் மாட்டுவார்களாம். "உன் பைத்," என்றார். பைத் என்றால் வீடு. "மனசில் எப்படி இருக்கிறதோ அப்படி," என்று எங்களுக்குப் பொதுவான அரைகுறை இந்தியில் சொன்னார். எனக்கு அதிகம் பேச வராது. தலையை மட்டும் ஆட்டினேன்.

அதே வாரம் நகரியிலிருந்து என் மனைவி கோமளா போன் செய்தாள். அங்கே அவளும் எங்கள் மகள் பாப்பாவும்தான் இருக்கிறார்கள்.

"ரோட்டப் பெருசு பண்றாங்களாம். நம்ம செவுத்துல செவப்பு பெயிண்டுல கோடு போட்டுட்டுப் பூட்டாங்க."

"எந்த எடத்துல?"

"முன் ரூமு முடியற எடத்துல. அது பூடும். கூடத்துக்கு ஒண்ணும் ஆவாதுன்னு மேஸ்திரி சொல்றாரு. சனிக்கெழம காலைல இடிக்கிற மிசின் வருது."

"அன்னிக்கு நீயும் பாப்பாவும் எங்க இருப்பீங்க?"

"கூடத்துலதான். வேற எங்க போறது? அதுக்குப் பரீச்ச கீது, உள்ள குந்திப் படிக்கும். இடிக்கிறவன் இடிச்சிக்கினு போவட்டும்."

படம் அனுப்பும் போன் அப்போது எங்களிடம் இல்லை. அந்தக் கோட்டை நான் பார்க்கவில்லை. ஆனால் இஸ்திரிப் பெட்டியை எடுத்தாலும், யாரோ ஒருவருடைய கழுத்தை அளந்தாலும் அது கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

வெள்ளிக்கிழமை விடுமுறை. மதியம் துணியை விரித்து உட்கார்ந்தேன். மனசில் இருப்பதைத் தைக்கும் வித்தை எனக்குத் தெரியாது, அளவு எடுத்துத்தான் தெரியும். ஒரு கெஜத்துக்கு இரண்டு விரற்கடை என்று வைத்து, கூரையைக் கழற்றிவிட்டு மேலிருந்து பார்க்கிற மாதிரி சுவர்களைத் தைத்தேன். அறையில் உடன் தங்கியிருக்கும் முனிரத்தினம் எட்டிப் பார்த்தான். பங்காருபாளையத்துக்காரன், லாரி ஓட்டுகிறான்.

"இன்னாணா, மேஸ்திரி வேலையா? கக்கூஸ் எந்தப் பக்கம் வெக்கப் போற?"

சிரித்துக்கொண்டே முன்னறையில் சாம்பல் நூலால் ஒரு சிறு சதுரம் போட்டேன். நான் யோசித்துப் போடவில்லை, கை தானாகப் போட்டது. அது கல்தூண். கடைசியாகச் சிவப்பு நூலைக் கோத்து, கோமளா சொன்ன இடத்தில் கோட்டை இழுத்தேன். தூண் கோட்டுக்கு அந்தப் பக்கம், சாலைப் பக்கம் விழுந்தது. ஊசி அப்படியே நின்றுவிட்டது.

அந்தத் தூணை நட்டது நானும் அப்பாவும். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். எனக்கு மீசை அரும்பிய வயது. கூடத்துக்கும் முன்னறைக்கும் நடுவில் இருப்பது வெறும் மண்சுவர். கூடத்து உத்தரத்தை அது தாங்காது. அதனால் உத்தரத்தைச் சுவர் தாண்டி முன்னறைக்குள் நீட்டி, ஒரு கல்தூணில் ஏற்றினோம். "கல்லு தெரிஞ்சா ஊட்டுக்கு முட்டுக் குடுத்துக் கீறாங்கம்பாங்க," என்று நைனா அதைச் சுற்றிச் செங்கல் வைத்துப் பூசிவிட்டார். பார்க்கிறவர்களுக்கு அது சுவரின் ஒரு மூலைதான். நைனா இப்போது இல்லை. நாளைக்கு மிசின் முன்னறையை இழுத்தால் கூடத்துக் கூரை மொத்தமும் இறங்கும். அதன் கீழே பாப்பா படித்துக்கொண்டிருப்பாள்.

போன் கார்டு போட்டு ஊருக்கு அடித்தேன். லைன் கிடைக்கவில்லை. விரல்கள் நம்பரை மாற்றி மாற்றி அழுத்தின. முனிரத்தினம் என் முகத்தைப் பார்த்தான். கிண்டலை விட்டுவிட்டுத் தன் போனில் அடித்துக் கொடுத்தான். அவள் எடுப்பதற்குள் மசூதியில் இரண்டு தரம் பாங்கு கேட்டுவிட்டது.

"செவுத்துக்குள்ள கல்லா? யாரு சொன்னது?"

"நானும் நைனாவும் நட்டது."

"பதினஞ்சு வருசமா நானுந்தான அந்த ஊட்டப் பெருக்கறேன். இன்னும் இன்னா இன்னா மறைச்சு வெச்சிக்கினு கீறீங்க?"

கூடத்துக்குள் உத்தரத்துக்கு அடியில் மூன்று சவுக்குக் கட்டை முட்டுக் கொடுக்கச் சொன்னேன். மிசின் நிற்கும்வரை பாப்பாவோடு எதிர்ப்பக்கம் போய் நிற்கச் சொன்னேன். அவ்வளவு பேச்சை நான் ஒரே மூச்சில் பேசியதே இல்லை. வீடு நின்றால் மிஸ்டு கால், விழுந்தால் போனை எடுக்கும்வரை அடிக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டோம்.

சனிக்கிழமை பத்தரை மணிக்குக் கடையில் போன் அதிர்ந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். நான்காவது மணிக்கும் நிற்கவில்லை. எடுக்கக் கை வரவில்லை. ஆறாவது மணியில் நின்றது. வீடு நின்றதா, அவளுடைய கை சோர்ந்ததா என்று தெரியாமல் ஒரு கழுத்தை முழுதாகத் தைத்து முடித்தேன். மதியம் நானே கூப்பிட்டேன். "நிக்கிது. பாப்பா உள்ள படிக்கிது. ஒரே தூசு, கட் பண்ற பட்டன் தெரியல," என்றாள்.

சலாமா என் துணியைப் பார்த்து, "ஜமீல்," என்றார். அழகு என்று அர்த்தம். சிவப்புக் கோடு உங்கள் ஊர்ப் பண்டிகை அலங்காரமா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். விரிப்பைச் சேர்த்து முடித்தபோது சட்டத்தைவிட நான்கு விரல் கூடிவிட்டது. ஓரத்தில் இருந்தது என் துணி. வெட்டிவிடலாம் என்று கத்தரியை எடுத்தார்.

"வேண்டாம்," என்றேன். இந்த ஊரில் ஒரு வாடிக்கையாளரிடம் நான் அதுவரை சொல்லாத சொல். சிவப்புக் கோட்டின் மேலேயே துணியை உள்ளே மடித்து, ஓரம் அடித்துக் கொடுத்தேன்.

விரிப்பு அந்தப் பொதுக்கூடத்தில் தொங்குகிறது. பார்க்கிறவர்களுக்கு என் வீடு கூடத்திலிருந்து தொடங்குகிறது. நகரியிலும் இப்போது அப்படித்தான். மண்சுவரிலேயே கோமளா புதிதாகக் கதவு வைத்திருக்கிறாள். என்ன நிறம் என்று நான் கேட்கவில்லை. ஊருக்குப் போனால் பழைய ஞாபகத்தில் முன்பு வாசல் இருந்த இடத்தில் கால் வைத்துச் சாலையில் நின்றுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எனக்குத் தெரிந்த வாசலும் நைனாவின் தூணும் இங்கே மஸ்கட்டில், மடிப்புக்கு உள்ளே இருக்கின்றன. அந்தப் பக்கம் போகும்போது யாரும் இல்லையென்றால் ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பேன். அந்த இடம் மட்டும் தடிப்பாக இருக்கும்.