பன்னுவை இறக்கிவிட்ட இடம்

அருள்மேரி அதுவரை தன் தம்பியிடம் எதையும் கேட்டதில்லை. கணவன் செத்தபோதும் கேட்கவில்லை, அனகாபுத்தூர் வீட்டுக்குள் ஆற்றுத் தண்ணீர் புகுந்தபோதும் கேட்கவில்லை. சேலையூரில் நாலு ஃபிளாட்டில் பாத்திரம் தேய்த்துத் தன் வயிற்றைத் தானே பார்த்துக்கொண்டவள். கர்ப்பப்பையில் கட்டி, உடனே எடுக்கணும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் படப்பைக்குப் போய்த் தம்பி சேட்டுவின் வாசலில் நின்றாள். அப்போதும் கேட்டது தனக்காக அல்ல, பன்னுவுக்காக.

பன்னு ஒரு நாட்டு நாய். பெரிய வெள்ளத்தின்போது பள்ளிக்கூட முகாமில், அருள்மேரிக்குக் கொடுத்த பன்னைப் பிடுங்கித் தின்ற குட்டி. அன்றிலிருந்து ஒன்பது வருஷம். பிள்ளை இல்லாத அந்த வீட்டில் அவள் பேச்சைக் கேட்க வேறு யாரும் இல்லை.

"இருபது நாள்தானே? வுட்டுட்டுப் போக்கா, நான் பாத்துக்கறேன்," என்றான் சேட்டு. லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாது.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து தினமும் போன் செய்தாள்.

"சாப்புடுதாடா?"

"நல்லா சாப்புடுது."

"ஸ்பீக்கர்ல போடு, ரெண்டு வார்த்த பேசறேன்."

"வெளிய போய்கீதுக்கா. அப்பறம் போடறேன்."

ஐந்து நாள் இதே பதில்தான். ஆறாம் நாள் அவன் போனை எடுக்கவே இல்லை.

பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு மாசம் கனம் தூக்காதே, அலையாதே என்றார்கள். அவள் நேராகத் தாம்பரத்தில் படப்பை பஸ் ஏறினாள். சேட்டு வீட்டு முருங்கை மரத்தடியில் சங்கிலி மட்டும் கிடந்தது.

"பன்னு எங்கடா?"

"கொழந்தைய கடிச்சிடுச்சுக்கா. வால புடிச்சி இழுத்துக்கீறா, வெடுக்குனு கவ்விடுச்சி. தமிழினிக்கு ரெண்டு வயசு, ஊசிமேல ஊசி. நான் இன்னா பண்றது?"

"எங்க வுட்ட?"

"கம்பெனிங்க இருக்கற எடம்தான். யாராவது சோறு போடுவாங்க." அவள் பார்வை தாங்காமல் அவன் குரல் உயர்ந்தது. "எம் புள்ள முக்கியமா, நாய் முக்கியமா? நீயே சொல்லு!"

"புள்ளதாண்டா முக்கியம். ஆனா என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல? தையலோட எழுந்து வந்திருப்பேனே!"

சேட்டுவின் மனைவி சத்யபிரியா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "ஒரகடம் போற வழியில, குடோன் வளைவாண்ட அண்ணி. அண்ணி வர்ற வரைக்கும் கட்டியே போடுன்னு தலதலயா அடிச்சிக்கினேன். கேக்கல."

அருள்மேரி இறங்கி நடந்தாள்.

மூன்று நாள் தேடினாள். காலையில் அனகாபுத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, லாரிப் புழுதியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தாள். லாரி இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. சாலையோரத்தில் பழுப்பாக எது கிடந்தாலும் கிட்டே போய்ப் பார்ப்பாள். ஒன்று சாக்கு. இன்னொன்று செத்த நாய். குனிய முடியாமல் மண்ணில் உட்கார்ந்து அதன் இடது காதைத் திருப்பிப் பார்த்தாள். பன்னுவுக்கு அந்தக் காது கிழிந்திருக்கும். இது கிழியவில்லை. "மாதாவே" என்று அங்கேயே அழுதாள். இரண்டாம் நாள் தையலில் ஈரம் கசிந்தது. துண்டை மடித்துச் செருகிக்கொண்டு நடந்தாள்.

மூன்றாம் நாள் ஒரு குடோன் காவலாளி, சாலமோன் என்று பெயர், அவளை நிறுத்தினார்.

"காது கிழிஞ்ச நாயாம்மா? பின்னாடி சிமெண்ட் பைப்புக்குள்ள கீது. சோறு வச்சா, நான் அந்தாண்ட போன பிறகுதான் வந்து தின்னும்."

அருள்மேரி பைப்புக்கு முன்னால் தரையில் படுத்துக் கூப்பிட்டாள். நெடுநேரம் கழித்துப் பன்னு பின்னங்கால் ஒன்றை இழுத்துக்கொண்டு ஊர்ந்து வந்தது. குரைக்கவில்லை, வாலாட்டவில்லை. அவள் கழுத்தடியில் மூக்கைப் புதைத்துக்கொண்டது.

தூக்கவும் முடியாது, பஸ்ஸில் ஏற்றவும் மாட்டார்கள். வேறு வழியில்லாமல் சேட்டுவைக் கூப்பிட்டாள். கால் மணி நேரத்தில் வந்துவிட்டான். லோடு ஆட்டோவின் சத்தம் வளைவில் கேட்டதுமே பன்னு உதறிக்கொண்டு பைப்புக்குள் புகுந்துகொண்டது. நின்ற இடத்திலேயே மூத்திரம் போயிருந்தது.

சேட்டு அதைப் பார்த்துவிட்டான். வண்டியை அணைத்துவிட்டு எட்டவே நின்றான். "சத்தியமா அடிக்கலக்கா. எறக்கி வுட்டுட்டு கெளம்பிட்டேன். அவ்ளோதான்."

"பின்னாடி ஓடி வந்துச்சா?"

"ரொம்ப தூரம்," என்றான்.

சேட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் பன்னு மறுபடி வெளியே வந்தது. சாலமோன் தனக்குத் தெரிந்த ஆட்டோவை வரவழைத்துக் கொடுத்தார். பன்னுவின் முகத்தை முந்தானையால் மூடி மடியில் வைத்துக்கொண்டு அருள்மேரி வீடு சேர்ந்தாள்.

தையல் சீழ் பிடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் திரும்பவும் வந்து சேரச் சொன்னார்கள். அவள் போகவில்லை. காய்ச்சலோடு நாயின் பக்கத்திலேயே கிடந்தாள். நாலாம் நாள் சேட்டு வந்து கதவைத் தட்டினான். அவன் குரல் கேட்டதும் பன்னு கட்டிலுக்கடியில் ஒடுங்கியது.

"அக்கா, நீ ஆஸ்பத்திரில போய் சேந்துக்கோக்கா. நான் இந்த வாசல்லயே கெடந்து பன்னுவ பாத்துக்கறேன்." அவன் அழுதுகொண்டிருந்தான்.

அருள்மேரி கட்டிலுக்கடியில் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "நீ வேணாண்டா. உம் பொண்டாட்டிய அனுப்பு."

குழந்தையைச் சேட்டுவிடம் விட்டுவிட்டு, சத்யபிரியா அன்று சாயங்காலமே வந்து சேர்ந்தாள்.