கட் பண்ணினால் சரி என்று அர்த்தம்

அத்தையின் போன் நடவு வயலில் விழுந்த செய்தி எனக்கு வேறொருத்தியின் போனிலிருந்து வந்தது. போன் விழுந்ததைவிட அத்தை பேசியதுதான் எனக்கு ஆச்சரியம். அவள் பேசமாட்டாள், மிஸ்டு கால்தான் கொடுப்பாள்.

"மருமவளே, போனு சேத்துல பூடுச்சிடி. புதுசு வாங்கணும்."

"நான் வர்ற வரைக்கும் எந்தக் கடை வாசப்படியும் மிதிக்காத அத்த."

"ஏன்டி, கடைக்காரன் என்னா கடிச்சிடுவானா?"

"கடிச்சாகூடப் பரவால்ல, ஊசி போட்டுக்கலாம்."

அப்போது நான் கடலூரில் பொறியியல் படிப்பை முடித்துவிட்டு, ஒரு நேர்காணலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருந்தேன். கையில் வேலை இல்லை. தலையில் மட்டும் சந்தைக்கு வந்த எல்லா போன்களும் இருந்தன. எதன் பேட்டரி ஒரு வருஷத்தில் தளரும், எது வெயிலில் சூடேறும், எந்த விமர்சகர் இலவசமாக வாங்கிய போனைப் புகழ்கிறார் என்பதெல்லாம் அத்துப்படி. "இவ காய்காரம்மா தராசையே திருப்பிப் பாக்குறவ" என்று அப்பா அலுத்துக்கொள்வார். எனக்கு அது பட்டம் கொடுத்த மாதிரி இருக்கும்.

அத்தை அப்பாவின் அக்கா. குமராட்சிக்குப் பக்கத்தில், கொள்ளிடத்துத் தண்ணீர் பாயும் ஊர். அங்கே நடவுக்குப் போகும் பெண்கள் கோஷ்டிக்கு அவள்தான் தலைவி. ஊரிலேயே பெரிய நிலக்காரர் ஒருவர் வருஷா வருஷம் தன் நடவு முழுவதையும் அவள் கோஷ்டிக்கே கொடுப்பார். இந்த வருஷம் நடவு மெஷின் இறக்கப் போகிறார் என்று பேச்சு. அவரை விட்டால் கோஷ்டிக்கு அந்தப் பருவமே போன மாதிரி. அவர் வேலைக்குக் கூப்பிடுவது அந்த போனில்தான்.

கூப்பிடுவது என்றால் பேசுவது இல்லை. அந்தப் பக்கத்தில் மிஸ்டு காலுக்குத் தனி இலக்கணம் உண்டு. ஒரு ரிங் விட்டு வைத்தால் நாளைக்கு வேலை இருக்கிறது. இரண்டு ரிங் போனால் வேலை இல்லை. ரிங் அடிக்கும்போதே இந்தப் பக்கம் கட் பண்ணினால் 'சரி, வர்றோம்' என்று அர்த்தம். எடுத்துப் பேசினால் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று அர்த்தம். பேச்செல்லாம் இலவசம் ஆகிவிட்ட இந்தக் காலத்திலும் யாரும் இதை மாற்றவில்லை.

சிதம்பரம் பேருந்து நிலையத்தில் மினி பஸ்ஸிலிருந்து அத்தை இறங்கினாள். கையில் ஒரு துணிப்பை, அதற்குள் அரிசி டப்பா, அரிசிக்குள் பழைய பட்டன் போன்.

"அரிசில பொதைச்சா தண்ணிய உறிஞ்சிடும்னாளுவோ."

"தண்ணிய உறிஞ்சும் அத்த. சேத்த உறிஞ்சாது."

அவளுக்கு மறுபடியும் பட்டன் போனே போதும். ஆனால் திருப்பூரில் இருக்கும் மகனுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. பேத்தி முகத்தை ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை பார்க்கவேண்டும். அதற்காகத்தான் டச் போன்.

முதல் கடையில் நுழைந்ததுமே "வாங்க சிஸ்டர், கூல்டிரிங்ஸ் சாப்புடுறீங்களா?" என்றார்கள். அத்தையின் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்துவிட்டேன். ஓசியில் குளிர்பானம் கொடுக்கிறவன் அதை எந்த விலையில் ஒளித்து வைத்திருக்கிறானோ.

இரண்டாவது கடையில் யாரும் எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. அது கொஞ்சம் நம்பிக்கை தந்தது. விற்பனையாளர் மெதுவாக வந்து, எடுத்தவுடன் ஒரு பளபளப்பான போனை நீட்டினார்.

"இதுல கேமரா சூப்பரா இருக்கும்மா. நெலாவக்கூடக் கிட்டத்துல எடுக்கலாம்."

"நெலா எங்கூருலயே நல்லாத்தான் தெரியுது தம்பி" என்றாள் அத்தை.

அதைத்தான் விற்கச் சொல்லி அவருக்கு மேலிடத்து உத்தரவு இருக்கவேண்டும் என்று முடிவு கட்டினேன். கீழ்த்தட்டில் ஓரமாகக் கிடந்ததைக் கேட்டேன். பெரிய பேட்டரி, பெரிய எழுத்து, சாதாரண கேமரா. பெட்டியின் முத்திரை பிரிந்து ஒட்டியதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பிறகு தண்ணீர் பாட்டிலில் விரலை நனைத்துத் திரையில் தேய்த்தேன்.

"சிஸ்டர், என்ன பண்றீங்க!"

"இவுங்க கை பாதி நேரம் ஈரமாத்தான் இருக்கும். ஈரக் கைக்கு வேல செய்யுமான்னு பாக்கணும்ல?"

பாதி வேலை செய்தது. அத்தையின் சோதனை வேறு மாதிரி. கடைக்காரரின் சிம்மை அதில் போடச் சொல்லி, போனைத் துணிப்பைக்குள் அரிசி டப்பாவோடு போட்டுக் கட்டினாள். என்னைத் தெருவில் நின்று அடிக்கச் சொன்னாள். கடைக்குள்ளிருந்து அவள் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். வரப்பில் வைத்துவிட்டு வயலுக்குள் நின்றாலும் கேட்கும். அதுதான் வேண்டும்.

அடுத்தது பிளான். விற்பனையாளர் நம்பரிலிருந்து ஆரம்பித்தார். "புது நம்பரா எடுத்துக்கிட்டா ஆஃபர் இருக்குது."

"நம்பர மாத்துனா நான் செத்துட்டேன்னு நெனைச்சுக்குவானுவோ" என்றாள் அத்தை. அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. சேற்றிலிருந்து எடுத்துத் துடைத்த அதே சிம்தான் உள்ளே போனது.

"சரி, தெனம் ரெண்டு ஜிபி போட்டுடவா? எல்லாரும் அதான் போடுறாங்க."

எல்லாரும் போடுகிறார்கள் என்றால் எனக்கு அரிக்கும். வாரத்தில் ஒரு நாள் குழந்தை முகம் பார்ப்பதற்குத் தினமும் இரண்டு ஜிபி எதற்கு? மிச்சம் எல்லாம் பன்னிரண்டு மணி அடித்தால் காணாமல் போய்விடும். மாசம் என்று சொல்லிவிட்டு இருபத்தெட்டு நாளில் முடிக்கிற கணக்கும் எனக்குத் தெரியும். நிறுவனத்தின் செயலியைத் திறந்து, 'பிரபலம்', 'பரிந்துரை' எல்லாம் தாண்டி விரல் வலிக்கக் கீழே இறங்கினேன். அடியில், யாரும் பார்க்கக்கூடாது என்று வைத்தது போல, ஒன்று இருந்தது. பேசுவது அளவில்லை, டேட்டா மொத்தமாகக் கொஞ்சம், ஒரு மாசம் முழுக்க வைத்துச் செலவழிக்கலாம். நாள் கணக்கு இல்லை.

"இத ஏன் சொல்லல?"

"அது போட்டா இன்கமிங் ஒழுங்கா வராது சிஸ்டர். அப்பறம் என்னைக் கேக்காதீங்க."

பொய் என்று கேட்டவுடன் தெரிந்தது. அதையே போட்டேன்.

ஊருக்குப் போய் போனைத் தயார் செய்ய உட்கார்ந்தோம். பழைய போனில் அத்தை ஒரு பெயரைக்கூட ஏற்றி வைத்திருக்கவில்லை. எல்லாரும் அவளுக்குக் கடைசி இரண்டு எண்தான். நிலக்காரர் நாற்பத்தேழு. உரக்கடை பன்னிரண்டு. கீரப்பாளையத்து நாத்தனார் சைபர் ஒன்பது.

"பேரு ஏத்திடலாம் அத்த."

"பேர எழுத்துக் கூட்டிப் படிக்கிறதுக்குள்ள ரிங்கு நின்னுடும். நம்பருன்னா பாத்த ஒடனே ஆளு தெரியும். வுடுடி."

என் எண்ணையும் திருப்பூர் எண்ணையும் மட்டும் ஏற்றினேன். அப்போது போன் ஒரு கேள்வி கேட்டது. சேமிக்காத எண்களிலிருந்து வரும் அழைப்புகளைத் தடுக்கவா? அந்த வாரம்தான் அதே தெருவில் ஒருத்தியிடம் பேங்க்கிலிருந்து பேசுவதாகச் சொல்லி எவனோ ஓடிபி கேட்டிருந்தான். எனக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போயிற்று. சந்தேகப்படத் தெரிந்த போன்!

"தெரியாதவன் அடிச்சா தடுக்கட்டுமான்னு கேக்குது அத்த."

"தடு, தடு. தெரியாதவன் எனக்கு எதுக்கு அடிக்கணும்?"

தடுத்தேன்.

அன்று சாயங்காலம் நாற்பத்தேழு அடிக்கவில்லை. மறுநாளும் அடிக்கவில்லை. கோஷ்டிப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வாசலில் வந்து நின்றார்கள்.

"என்னாக்கா, அடிச்சாரா?"

"அடிக்கல."

"மேலத்தெரு நடவுக் கோஷ்டிக்காரிவோ விடியக் கருக்கல்லயே எங்கயோ கெளம்பிப் போனாளுவோக்கா. நான் கண்ணால பாத்தேன்."

அத்தை எழுந்து குழம்பு வைக்கப் போனாள். மிளகாயை மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியாகக் கிள்ளிப் போட்டாள். சாப்பிடும்போது என் கண்ணில் தண்ணீர் வந்தது.

நான் என் பங்குக்குச் சந்தேகப்பட்டேன். முதலில் டவரை. போனைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினேன், சிக்னல் நிறைய இருந்தது. பிறகு பிளானை. கடைக்காரர் சொன்னதுதான் நடக்கிறதோ? அவருக்கு அடித்தேன். "நான்தான் அப்பவே சொன்னேனே சிஸ்டர்" என்று சந்தோஷமாகச் சொன்னார். அவரே ஏதாவது செய்து வைத்திருப்பாரோ என்றுகூட ஓடியது. கடைசியாக என் போனிலிருந்து அத்தைக்கு அடித்துப் பார்த்தேன். தெருக்கோடி வரைக்கும் கேட்டது. திருப்பூரிலிருந்தும் வந்தது, குழந்தை கொட்டாவி விட்டதைப் பார்த்தோம்.

"அப்ப போன்ல குத்தமில்ல" என்றாள் அத்தை. "மனுசன்கிட்டதான் குத்தம். மெஷினு எறக்கிட்டாரு. இத்தன வருசம் நட்டவ மூஞ்சப் பாத்துச் சொல்லத் தெம்பில்ல, அதான் அடிக்கல."

அடுத்த நாள் காலையில் நாற்பத்தேழே வாசலில் வந்து வண்டியை நிறுத்தினார். இறங்கவில்லை.

"என்னம்மா, வரேன்னுட்டு வராம இருந்தா என்னா அர்த்தம்? நாத்து பறிச்சுக் கட்டுக்கட்டா வயல்ல கெடக்குது."

"யாரு வரேன்னா? நீங்கதான மாமா மெஷினு எறக்கிட்டீங்க."

"மெஷினா! ஒன்ன நம்பி மெஷின்காரனத் திருப்பி அனுப்பிச்சிட்டு ஒக்காந்துருக்கேன். முந்தாநாளு அடிச்சேன், நீ கட் பண்ண. வருவன்னு நேத்து வரப்புலயே நின்னேன், ஒருத்தியும் வரல. சாயங்காலம் மறுபடி அடிச்சேன். ரிங்கு போறதுக்கு முன்னாடியே கட் பண்ண. அவ்ளோ அவசரமா சரின்னு சொன்னவ எங்கதான் போன?"

அத்தையின் கையிலிருந்து போனைப் பிடுங்கித் தேடினேன். தடுக்கப்பட்டவை என்று தனியாக ஒரு பட்டியல். அத்தை என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து எண்களைப் படித்தாள்.

"நாப்பத்தேழு... நாப்பத்தேழு... பன்னெண்டு, உரக்கடை. சைபர் ஒம்போது."

அத்தைக்கு எல்லாரையும் தெரியும். போனுக்கு ஒருவரையும் தெரியாது. பெயர் ஏற்றாத அத்தனை பேரையும் அது திருடன் என்று எடுத்துக்கொண்டு, சத்தமே காட்டாமல் கட் பண்ணியிருக்கிறது. இங்கே கட் பண்ணினால் சரி என்று அர்த்தம் என்பது அதற்கு எப்படித் தெரியும்?

"அடிப்பாவி, எல்லாருக்கும் சரின்னா சொல்லிருக்குது?" அத்தை தலையில் கை வைத்தாள். "நாத்தனா அடிச்சா ஊருக்கு வரட்டுமான்னு கேக்குறான்னு அர்த்தம்டி. மூட்ட கட்டியிருப்பா!"

நாற்பத்தேழு நம்பவில்லை. "போனு தானா சரி சொல்லிச்சா? நல்ல கத."

"அடிச்சுப் பாருங்க" என்றேன். போனைத் தரையில் வைத்துவிட்டு நானும் அத்தையும் தள்ளி நின்றோம். அவர் அடித்தார். கீழே கிடந்த போன் மூச்சு விடவில்லை. அவர் காதில் கட் ஆனது. காதிலிருந்து எடுத்து அதை உற்றுப் பார்த்தார், எங்கள் கைகளைப் பார்த்தார், மறுபடியும் அடித்தார். மறுபடியும் கட்.

"பேயி மாதிரி இருக்குதே" என்றார். உடனே முகம் மாறியது. "மேலத்தெருவுக்குச் சொல்லி வுட்டுட்டேன்மா. அவளுவோ என்னா சொல்றாளுவோன்னு தெரியல. நாத்து இதுக்கு மேல தாங்காது. சாயங்காலம் பாப்போம்." வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

தடுப்பை எடுத்தேன். பெயர் ஏற்ற அத்தை இப்போதும் சம்மதிக்கவில்லை. கடைசியில், பெயர் போடுகிற இடத்திலேயே 47, 12, 09 என்று போட்டேன். போனுக்குத் தெரிந்தவர்கள் ஆகிவிட்டார்கள், அத்தைக்கும் படிக்கத் தோதாக இருந்தது. நாத்தனார் மட்டும் அதற்குள் பஸ் ஏறிவிட்டார்.

பொழுது சாய்ந்தது. கோஷ்டி முழுக்க வாசலில் உட்கார்ந்திருந்தது. நாற்பத்தேழு அடிக்கவில்லை.

"நீயே அடிச்சுப் பேசிடு அத்த. பேச்சுக்குத் துட்டே கெடையாது, அந்த மாதிரிதான் பிளான் போட்டிருக்கேன்."

"பேசுனா கெஞ்சுற மாதிரி ஆயிடும்."

ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, நாற்பத்தேழை அழுத்தி, ஒரு ரிங் விட்டாள். நாளைக்கு வரட்டுமா என்று அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. கட் ஆனது.

பெண்கள் கைதட்டினார்கள். அத்தை தட்டவில்லை. போனைத் தூரப் பிடித்து முறைத்தாள்.

"கட் பண்ணது அவரா, அவரு போனா?"

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அவருடையதும் டச் போன்தான். எனக்கும் தெரியவில்லை. அத்தை இன்னொரு தடவை அடித்தாள். அதுவும் கட் ஆனது. யாருக்கும் நிம்மதி வரவில்லை.

விடிந்தும் விடியாததுமாகக் கோஷ்டி கிளம்பியது. நானும் கூடப் போனேன். வயல் தெரிகிற திருப்பத்தில் எல்லார் கழுத்தும் நீண்டது. மேலத்தெருக்காரிகள் இருக்கிறார்களா?

வயலில் நாற்றுக்கட்டுகள் மட்டும் தண்ணீரில் நின்றன. நுனி லேசாக மஞ்சள். வரப்பில் அவர் தனியாக நின்றிருந்தார், கையில் போன்.

"ரெண்டாவது தடவ எதுக்கும்மா அடிச்ச? நான்தான் மொதல்லயே கட் பண்ணனே."

"நீங்கதான் பண்ணீங்களான்னு தெரியணும்ல மாமா" என்றாள் அத்தை. போனை என் கையில் திணித்தாள், புடவையைத் தூக்கிச் செருகினாள், சேற்றில் இறங்கினாள்.