முதுகுக்குப் பின்னால் விட்ட சேறு

எங்கள் ஊர் நடவைப் படமெடுத்து, இன்று காலை ஒரு போட்டோ குரூப்பில் போட்டேன். நடும் வரிசையில் என் அம்மாவும் இருக்கிறார்.

நடவுப் படங்களை க்ராப் செய்வதற்கென்றே சாஃப்ட்வேரில் நானே வழிகாட்டிக் கோடுகள் போட்டு வைத்திருக்கிறேன். ஆட்களுக்கு முன்னால் ஒரு பங்கு நட்ட நாற்று, முதுகுக்குப் பின்னால் இரண்டு பங்கு வெறும் சேறு.

குரூப் அட்மின் அந்தச் சேற்றை மொத்தமாக வெட்டி, ‘தவறும் திருத்தமும்’ என்று பாடமாகவே போட்டுவிட்டார்.

“சிஸ்டர், ஆள் பாக்குற பக்கம்தான் இடம் விடணும். பேசிக் ரூல்.”

“சார், நடவு ஆளுங்க நட்டுக்கிட்டே பின்னாடிதாங்க போவாங்க.”

“ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

அவருக்குக் கைதட்டல் இமோஜிகள் குவிந்தன.

மதியம் வயலிலிருந்து வந்த அம்மாவிடம் அவர் வெட்டிய படத்தைக் காட்டினேன்.

“பின்னாடி காலு வைக்க எடமே காணுமேடி. நட்ட நாத்து மேல ஏறி மிதிக்கச் சொல்றாரா?”

இதை அப்படியே கமென்ட்டில் கேட்டேன். கமென்ட்டையே பூட்டிவிட்டார்.

அவரைத் தெரிந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். படத்துக்குள் அம்மா ஒரு காலைத் தூக்கியபடியே நிற்கிறார். அதை எங்கே வைப்பது என்று கேட்டுச் சொல்லுங்கள்.